குடும்பம் தெரியாத மரம்

மாமரத்தில் பூவும் இல்லை, பிஞ்சும் இல்லை. ஆனாலும் அது மாமரம் என்பதில் யாருக்கும் ஐயம் வருவதில்லை. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. கொஞ்சம் வற்புறுத்திக் கேட்டால் காரணங்கள் ஒவ்வொன்றாக வெளிவரும்: நீண்ட இலை, அது கிளை நுனியில் கொத்தாகக் கூடியிருக்கும் விதம், கொழுந்தின் செம்பழுப்பு நிறம், இலையைக் கசக்கினால் எழும் மாங்காய் வாசம். கண்ணும் மூக்கும் விரலும் சேர்ந்து கணக்குப் போட்டு, நாம் அறியாமலே விடை சொல்லிவிடுகின்றன.

இதே வேலையை, இதுவரை பார்த்தே இராத நூற்றுக்கணக்கான மரங்களுக்கு நடுவே செய்ய வேண்டும் என்றால் என்ன ஆகும்? வெப்பமண்டல மழைக்காடுகளில் பணிபுரியும் தாவரவியலாளர்களுக்கு அதுதான் அன்றாட வேலை. அதில் தேர்ந்த ஒருவரையே திகைக்க வைத்த மரம் ஒன்று பெரு நாட்டில் இருக்கிறது. அதன் கிளை முதன்முதலில் சேகரிக்கப்பட்டது 1973-ல். அதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது 2021-ல். இடையில் கழிந்த 48 ஆண்டுகளின் கதையைப் பின்தொடர்ந்தால், ஒரு மரத்தை அடையாளம் காண்பது என்றால் என்ன, அதை உலகுக்கு முறைப்படி விவரிப்பது என்றால் என்ன என்பது விளங்கும்.

பாதையோரத்தில் ஒரு சிறுமரம்

பெருவின் தென்கிழக்கில், ஆண்டிஸ் மலைச்சரிவு அமேசான் சமவெளிக்கு இறங்கும் இடத்தில் மனு தேசியப் பூங்கா இருக்கிறது. அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதும் 1973-ல்தான். 1987-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கிருந்த ஆய்வு நிலையத்திலிருந்து காட்டுக்குள் செல்லும் பாதையில் அமெரிக்கத் தாவரவியலாளர் ராபின் ஃபாஸ்டர் ஒரு சிறுமரத்தைப் பார்த்தார். உயரம் ஏறத்தாழ 6 மீட்டர். கண்ணை இழுத்தது அதன் பழம். காகித விளக்குபோல் உப்பிய சின்னஞ்சிறு ஆரஞ்சு நிறப் பழம். பழுத்ததில் சாறும் சில விதைகளும் இருந்தன.

ஃபாஸ்டர் சாதாரணமானவர் அல்லர். பின்னாளில் பனாமாவின் பாரோ கொலராடோ தீவில், ஸ்டீஃபன் ஹப்பெல் என்பவரோடு சேர்ந்து 50 ஹெக்டேர் காட்டில் விரல் தடிமன் உள்ள கன்றுவரை ஒவ்வொரு மரத்துக்கும் எண் கட்டி, இனம் குறித்து, வரைபடத்தில் ஏற்றியவர். எந்தச் செடியையும் ஒரு பார்வையிலேயே இன்ன குடும்பம் என்று சொல்லக்கூடியவர். ஆனால் இந்த மரம் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. ஒரு கோணத்தில் ஒரு குடும்பத்தின் சாயல். இன்னொரு கோணத்தில் வேறொன்றின் சாயல். எதிலும் முழுதாகப் பொருந்தவில்லை.

இங்கே ‘குடும்பம்’ என்ற சொல்லைச் சற்று விளக்க வேண்டும். ஆல், அரசு, அத்தி மூன்றும் தனித்தனிச் சிற்றினங்கள். மூன்றும் ஃபைகஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அந்தப் பேரினமும் பலாவின் பேரினமும் இன்னும் பலவும் சேர்ந்து மோரேசி என்ற குடும்பமாகின்றன. பூக்கும் தாவரங்களில் சிற்றினங்கள் மூன்று லட்சத்தைத் தாண்டும். குடும்பங்களோ நானூற்றுச் சொச்சம்தான். குடும்பம் தெரிந்துவிட்டால் தேட வேண்டிய பரப்பு பல நூறு மடங்கு சுருங்கிவிடும். பிறகு அந்தக் குடும்பத்தில் ஊறிய ஒரு நிபுணரிடம் கிளையை அனுப்பலாம். குடும்பமே தெரியாவிட்டால் யாரிடம் அனுப்புவது? மனுவின் சிறுமரத்துக்கு நேர்ந்தது இதுதான்.

ஒரே ஹெக்டேரில் ஒரு கண்டம்

ஐரோப்பா முழுவதிலும் இயற்கையாக வளரும் மரச் சிற்றினங்கள் 454 என்று 2019-ல் வெளியான அக்கண்டத்தின் சிவப்புப் பட்டியல் கணக்கிட்டது. ஆல்வின் ஜென்ட்ரி என்ற தாவரவியலாளர் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், பெருவின் இக்கிட்டோஸ் நகரை அடுத்த காட்டில் ஒரே ஒரு ஹெக்டேரில் ஏறத்தாழ 300 மரச் சிற்றினங்கள் இருப்பதைக் காட்டினார். ஒரு ஹெக்டேர் என்பது இரண்டரை ஏக்கர். அந்த இடத்துக்குள் பல சிற்றினங்களுக்கு ஒரே ஒரு மரம்தான் இருக்கும். ஒன்றைப் பார்த்து நினைவில் வைத்து அடுத்ததோடு ஒப்பிட நினைத்தால், அடுத்தது எங்கே இருக்கிறதோ யாருக்குத் தெரியும்?

எண்ணிக்கை ஒரு சிக்கல். தோற்றம் அதைவிடப் பெரிய சிக்கல். உறவே இல்லாத மழைக்காட்டு மரங்கள் பலவற்றுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி இலை: நீள்வட்டம், மழுங்கலான பச்சை, பல் இல்லாத விளிம்பு, நீர் வடிந்து சொட்டுவதற்கேற்ற கூரான நுனி. பாடநூல்கள் தாவரங்களைப் பூவை வைத்துப் பிரிக்கின்றன. காட்டிலோ பூ 30, 40 மீட்டர் உயரத்தில் இருக்கும். அதுவும் ஆண்டில் சில நாள்களுக்கு மட்டும், சில மரங்களில் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும். கீழே நிற்பவருக்குக் கிடைப்பது அடிமரமும், உதிர்ந்த இலைகளும், கொக்கிக் கம்பால் எட்டிப் பறித்த ஒரு கிளையும்தான்.

எனவே ஜென்ட்ரியும் அவர் போன்றோரும் வேறு வழி கண்டார்கள். பூவும் காயும் இல்லாத கிளையை வைத்தே குடும்பத்தைச் சொல்ல முடியுமா என்று அமேசான் காடுகளில் சோதித்துச் சோதித்து ஒரு முறையை வளர்த்தார்கள். வடமேற்குத் தென் அமெரிக்காவின் மரங்களுக்கு ஜென்ட்ரி எழுதிய பெரும் கையேடு 1993-ல் வெளிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், ஈக்வடாரில் காடு அளக்கப் போன இடத்தில் நடந்த விமான விபத்தில் அவர் இறந்தார். அவர் முறையைக் கையாளாத அமேசான் தாவரவியலாளர் இன்று அரிது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளுக்கும் இப்படியொரு கள வழிகாட்டி உண்டு. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஜே.பி. பாஸ்கலும் பி.ஆர். ரமேஷும் தயாரித்து 1987-ல் வெளியிட்டது அது.

இலை சொல்லும் சாட்சி

முறை எளிமையானது, பழக்கம்தான் கடினம். கிளையைக் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது இலைகள் அமைந்திருக்கும் விதம். கணுவுக்கு ஒன்றாக மாறி மாறி இருந்தால் மாற்றடுக்கு. இரண்டு இரண்டாக எதிரெதிரே இருந்தால் எதிரடுக்கு. பிறகு அது தனி இலையா, பல சிற்றிலைகள் சேர்ந்த கூட்டிலையா என்று பார்க்க வேண்டும். வேம்பின் இலை என்று நாம் சொல்லும் சிறு துண்டு உண்மையில் சிற்றிலை; ஈர்க்கோடு கூடிய முழுதும் சேர்ந்ததே ஓர் இலை. இந்த இரண்டு கேள்விக்குப் பதில் கிடைத்தாலே பல குடும்பங்கள் கழிந்துவிடும்.

அடுத்தது இலைக்காம்பு தண்டோடு சேரும் இடம். அங்கே பல தாவரங்களுக்கு மெல்லிய சிறு செதில் இருக்கும். இலையடிச் செதில் என்று பெயர். இட்லிப்பூச் செடியில் ஒரு கணுவை உற்றுப் பாருங்கள். எதிரெதிரான இரண்டு இலைக்காம்புகளுக்கு இடையே, தண்டின் மேல் முக்கோணமாக ஒரு சிறு செதில் நிற்கும். நுணாவிலும் காப்பிச் செடியிலும் அதே இடத்தில் செதிலைக் காணலாம். எதிரடுக்கு இலையும் இந்த இடைச்செதிலும் சேர்ந்திருந்தால் அது பெரும்பாலும் ரூபியேசி குடும்பம். பெருவானாலும் போர்னியோவானாலும் இந்த விதி செல்லும். ஆலங்கிளையின் நுனிமொட்டைக் கூராக மூடியிருக்கும் உறையும் இலையடிச் செதில்தான். அது உதிர்ந்ததும் தண்டைச் சுற்றி மோதிரமாக ஒரு தழும்பு விழும். அந்தத் தழும்பும் வெள்ளைப் பாலும் சேர்ந்தால் மோரேசியைத் தேடலாம்.

மூன்றாவது, இலையை வானத்தை நோக்கிப் பிடிப்பது. கறிவேப்பிலையையோ எலுமிச்சை இலையையோ வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், பச்சைப் பரப்பில் ஊசி குத்தியது போன்ற ஒளிப்புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். வாசம் வருவது அவற்றிலிருந்துதான். கறிவேப்பிலை, எலுமிச்சை, வில்வம் மூன்றும் ரூட்டேசி குடும்பம். கொய்யாவுக்கும் நாவலுக்கும் அதே புள்ளிகள் உண்டு. ஆனால் அவற்றில் இலைகள் எதிரடுக்கு, விளிம்பை ஒட்டி உள்ளே ஒரு நரம்பும் ஓடும். அது மிர்ட்டேசி. புள்ளி மட்டும் பார்த்திருந்தால் இரண்டும் குழம்பியிருக்கும். இலையடுக்கையும் நரம்பையும் சேர்த்துப் பார்த்ததால் பிரிந்தன. ஒரு தடயத்தை மட்டும் நம்பாமல் மூன்று நான்கைக் கூட்டிப் பார்ப்பதுதான் இந்த முறையின் உயிர்.

பிறகு பட்டை. கத்தியால் சிறிதளவு சீவினால் உட்பட்டையின் நிறம், கசியும் பாலோ பிசினோ, அதன் வாசம் எல்லாம் தெரியும். மா, முந்திரிக் குடும்பத்துக்கு டர்பன்டைன் வாசமுள்ள பிசின். இலவங்கப்பட்டைக் குடும்பத்துக்கு நறுமணம். சீத்தாக் குடும்பத்துக்கு நாராக உரியும் உட்பட்டை. தேர்ந்த களப்பணியாளர் இவ்வளவையும் சில நொடிகளில் பார்த்து முடித்துவிடுவார்.

ஃபாஸ்டரும் அப்படித்தான் பார்த்திருப்பார். அவருக்குத் தெரிந்த எந்தக் குடும்பத்தின் தடயக் கூட்டோடும் மனுவின் மரம் ஒத்துப்போகவில்லை.

அழுத்தி வைத்த கிளை

பெயர் தெரியாத மரத்தை விட்டுவிட்டு வருவதில்லை. இலையோடும், கிடைத்தால் பூ, காயோடும் ஒரு கிளையை வெட்டி, செய்தித்தாள் மடிப்புக்குள் பரப்பி, இரு பலகைகளுக்கு இடையே வார்பட்டையால் இறுக்கிக் கட்டுவார்கள். சில இலைகளைத் திருப்பி வைக்க வேண்டும். அடிப்பக்கத்து நரம்பும் மயிரும் பின்னால் பார்ப்பவருக்குத் தேவைப்படும். ஒரே மரத்திலிருந்து மூன்று நான்கு கிளை எடுத்து ஒரே எண் இடுவது வழக்கம். வெவ்வேறு ஊர்களின் சேகரிப்புகளுக்கு ஒவ்வொன்று போகும்.

காய்ந்தால் மறைந்துபோகும் விவரங்களை அங்கேயே குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். மரத்தின் உயரம், பட்டையின் தன்மை, பாலின் நிறம், பூவின் நிறம், வாசம், இடம், தேதி. ஆரஞ்சு நிறப் பழம் காகித மடிப்புக்குள் பழுப்பாகிவிடும். அது ஆரஞ்சு என்பதற்குக் குறிப்பேடே சாட்சி. ஈரம் குறையாத காட்டில் கிளைகள் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க, கட்டுகளைச் சாராயத்தில் நனைத்துப் பையில் மூடி ஊருக்குக் கொண்டுவந்து உலர்த்துவதும் உண்டு. அழுகலிலிருந்து கிளை தப்பிவிடும்; ஆனால் சாராயமும் அடுப்புச் சூடும் இலைக்குள் இருக்கும் டிஎன்ஏவைச் சிதைத்துவிடக்கூடும். 1973-ல் யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க முடியாது. தாவர உறவுகளை டிஎன்ஏ கொண்டு படிக்கும் காலம் அப்போது வந்திருக்கவில்லை.

இப்படி உலர்த்தித் தாளில் ஒட்டிய தாவரங்களைச் சேர்த்து வைக்கும் இடம் உலர்தாவரகம். ஹெர்பேரியம் என்றும் சொல்வார்கள். ஃபாஸ்டரின் கிளை சிகாகோ நகரின் ஃபீல்டு அருங்காட்சியகத்துக்கு வந்தது. அங்கும் பலர் பார்த்தார்கள். குடும்ப வாரியாக அலமாரி அமைந்திருக்கும் இடத்தில் குடும்பம் தெரியாத கிளை எங்கே போகும்? ஆண்டுகள் ஓடின.

இது அபூர்வமான கதை அல்ல. 2010-ல் வெளியான ஓர் ஆய்வு, புதிதாகப் பெயர் பெற்ற தாவரச் சிற்றினங்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் கிளை முதலில் எப்போது சேகரிக்கப்பட்டது என்று பார்த்தது. சேகரித்த ஐந்து ஆண்டுக்குள் பெயர் பெற்றவை 16 சதவீதம்தான். ஏறக்குறைய கால்வாசிச் சிற்றினங்களுக்கு ஐம்பது ஆண்டுக்கும் பழைய கிளைகள் தேவைப்பட்டிருந்தன. இன்னும் பெயரிடப்படாத தாவரங்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே உலர்தாவரக அலமாரிகளில் இருக்கக்கூடும் என்பது அந்த ஆய்வாளர்களின் மதிப்பீடு.

அலமாரியில் பெயரோடு இருப்பவையும் சரியான பெயரோடு இருக்கின்றன என்று சொல்ல முடியாது. ஒரே மரத்தின் கிளைகள் பல ஊர்களுக்குப் போகின்றன என்று பார்த்தோம். ஆசிய மழைக்காடுகளின் பெருமரங்களான டிப்டெரோகார்பேசி குடும்பத்தை எடுத்து, ஒரே எண்ணுள்ள கிளைகளுக்கு எல்லா ஊரிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று 2015-ல் ஓர் ஆய்வு ஒப்பிட்டது. 29 சதவீதம் சேகரிப்புகளில் பெயர் ஊருக்கு ஊர் மாறியிருந்தது. ஒரே மரத்துக்கு இரண்டு பெயர் என்றால் ஒன்றாவது தவறாகத்தானே இருக்க வேண்டும்?

எழுத்துப் பிழைகளின் வம்சாவளி

ஃபீல்டு அருங்காட்சியகத்தின் நான்சி ஹென்சோல்ட் அந்தப் பெயரில்லாக் கிளையைத் தீராத புதிராகக் கருதி விடாமல் முயன்றார். அவரும் சக ஆய்வாளர் ரிக் ரீயும் டிஎன்ஏவை நாடினார்கள்.

டிஎன்ஏ எப்படி உறவைச் சொல்லும் என்பதற்கு ஓலைச்சுவடி நல்ல வழிகாட்டி. உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, ஒரே நூலின் பல பிரதிகளைத் தேடிச் சேர்த்து ஒப்பிட வேண்டியிருந்தது. சுவடியைப் படியெடுப்பவர் எங்கோ ஓர் எழுத்தைத் தவறவிடுவார். அந்தப் பிரதியைப் பார்த்து எழுதுபவர் அந்தப் பிழையையும் சேர்த்தே எழுதுவார்; தன் பங்குக்கு ஒன்றிரண்டு பிழையும் சேர்ப்பார். இரண்டு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே அரிய பிழை இருந்தால், இரண்டும் ஒரே மூலச் சுவடியிலிருந்து வந்தவை என்று ஊகிக்கலாம். அப்படிப்பட்ட இடங்கள் பத்து, இருபது என்று கூடக்கூட ஊகம் உறுதியாகும். ஓலையின் நீளம், கட்டியிருக்கும் கயிறு, மேலட்டையின் பூவேலை இவற்றைப் பார்த்து வம்சாவளி சொல்ல முடியாது. உறவே இல்லாத இரண்டு நூல்களை ஒரே ஊரார் ஒரே மாதிரி கட்டியிருக்கலாம்.

மரத்துக்கும் இது பொருந்தும். தலைமுறைதோறும் டிஎன்ஏவின் நான்கெழுத்து வரிசை படியெடுக்கப்படுகிறது. அவ்வப்போது எழுத்துகள் மாறுகின்றன. மாறியது சந்ததிக்கெல்லாம் போய்ச் சேர்கிறது. பகிர்ந்த மாற்றங்களை எண்ணி உறவின் கிளைப்படத்தை வரையலாம். இலை வடிவமோ வெளி அலங்காரம். ஒரே மழை, ஒரே நிழல், ஒரே பூச்சித் தொல்லைக்கு ஈடு கொடுக்கும் மரங்கள் உறவில்லாமலே ஒத்த வடிவத்துக்கு வந்து சேரும். குவிபரிணாமம் என்று இதற்குப் பெயர். சாயலை மட்டும் நம்பினால் குடும்பம் தவறிப்போகும் இடம் இதுதான்.

உலர்ந்த பழைய இலையிலிருந்து டிஎன்ஏவைப் படிக்கும் முயற்சி தோற்றது. புத்திலை வேண்டும். மனு காட்டில் பல ஆண்டுகளாகக் கண்காணிப்புப் பணி செய்துவந்த பட்ரீசியா அல்வாரெஸ்-லோவைசாவிடம் கேட்டார்கள். அவர் அந்த மரத்தைத் தேடிக் கண்டுபிடித்து இலை அனுப்பினார். அதிலிருந்து படித்த எழுத்துவரிசையை மற்றத் தாவரங்களின் வரிசைகளோடு ஒப்பிட்டபோது வந்த விடை: பிக்ராம்னியேசி.

யாரும் எதிர்பார்க்காத விடை அது. பிக்ராம்னியேசி அமெரிக்க வெப்பமண்டலத்தில் மட்டும் காணப்படும் சிறு குடும்பம். அதுவே 1995 வரை தனிக் குடும்பமாக அறியப்படவில்லை. வேறொரு குடும்பத்துக்குள் மறைந்திருந்தது. அதிலிருந்த பேரினங்கள் மூன்று. மூன்றாவதை 2011-ல் விவரித்தவர் நியூயார்க் தாவரவியல் பூங்காவின் வேயட் தாமஸ். உலகில் இந்தக் குடும்பத்தை நன்கு அறிந்த வெகு சிலரில் ஒருவர். முடிவைக் கேட்டதும் ஹென்சோல்ட் நம்ப மறுத்தார். ஆய்வகத்தில் வேறு ஏதோ தாவரத்தின் டிஎன்ஏ கலந்திருக்க வேண்டும் என்றார்.

அவர் ஐயம் நியாயமானது. கலப்படம் இத்தகைய ஆய்வில் நிகழக்கூடியதுதான். டிஎன்ஏ சொல்லிவிட்டது என்று அத்தோடு நிறுத்தாமல், கிளைகளைத் தாமஸுக்கு அனுப்பினார்கள்; அவர் பூக்களை மிகக் கவனமாகப் பார்த்தார். பூ 2, 3 மில்லிமீட்டர் நீளம்தான். கடுகைவிடச் சற்றுப் பெரியது. அதன் உறுப்புகளின் அமைப்பை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, பிக்ராம்னியேசியின் சாயல் அங்கே இருந்தது. இலையும் பழமும் மறைத்ததைப் பூ காட்டியது. முதலில் பார்த்திருந்தாலும் அந்தச் சாயலைக் கண்டுபிடித்திருக்க முடியாது; எங்கே பார்க்க வேண்டும் என்று டிஎன்ஏ சொன்ன பிறகே கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டு தனித்தனிச் சாட்சிகள் ஒரே இடத்தைக் காட்டியபோது ஐயம் தீர்ந்தது.

பெயர் எதில் கட்டப்படுகிறது?

மரம் அந்தக் குடும்பத்தின் பழைய மூன்று பேரினங்களில் எதிலும் அடங்கவில்லை. எனவே அதற்குப் புதிய பேரினமும் தேவைப்பட்டது. ‘டாக்சான்’ என்ற ஆய்விதழில் 2021-ல் அது ஈனிக்மானு அல்வாரெசியே என்ற பெயரோடு வெளிவந்தது. முதல் சொல் மனு காட்டின் புதிரைக் குறிக்கிறது. இரண்டாவது, புத்திலை தேடிக் கொடுத்த அல்வாரெஸ்-லோவைசாவுக்கு மரியாதை.

பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. வழக்கமாக ஆறு ஆண்டுக்கு ஒருமுறை கூடும் உலகத் தாவரவியல் மாநாடு தாவரப் பெயர்களுக்கான விதிகளைத் திருத்தி அமைக்கிறது. விதிப்படி, புதிய இனத்தை மற்றவற்றிலிருந்து பிரிக்கும் விளக்கம் வேண்டும். 1935 முதல் 2011 முடிய அந்த விளக்கம் லத்தீன் மொழியில்தான் இருக்க வேண்டும் என்பது கட்டாயம். 2012 முதல் ஆங்கிலமும் ஏற்கப்படுகிறது. விளக்கம் என்பது அழகிய வருணனை அல்ல. இலைக்காம்பின் நீளம் எத்தனை முதல் எத்தனை மில்லிமீட்டர், நரம்புகள் எத்தனை சோடி, மகரந்தத்தாள் எத்தனை, சூலறை எத்தனை என்று ஒவ்வொன்றும் அளந்தும் எண்ணியும் எழுதப்படும். எந்த உறவினத்திலிருந்து எந்த அம்சத்தில் வேறுபடுகிறது என்று ஒப்பீடும் வேண்டும். உலகின் எந்த மூலையில் இருப்பவரும் தன் கையிலுள்ள கிளையை அந்த வரிகளோடு ஒத்துப்பார்த்து ஆம் அல்லது இல்லை என்று சொல்ல முடிய வேண்டும்.

அதைவிட முக்கியமான விதி இன்னொன்று. புதிய பெயரை ஒரு குறிப்பிட்ட உலர்கிளையோடு பிணைக்க வேண்டும். அந்தக் கிளைக்கு வகைமாதிரி என்று பெயர். எதிர்காலத்தில் இந்தப் பெயர் எந்த மரத்தைக் குறிக்கிறது என்று சர்ச்சை எழுந்தால், எழுத்தில் உள்ள விளக்கத்துக்கு மேல் அந்தக் கிளையே தீர்ப்பு. ஆசிரியர் எழுதியதில் பிழை இருக்கலாம். ஒரு நூற்றாண்டு கழித்துப் புதிய கருவி வரலாம். கிளை இருந்தால் மறுபடியும் பார்க்கலாம்.

இதன் அருமையை ஃபீல்டு அருங்காட்சியகமே நன்கறியும். பெருவின் தாவரங்களைப் பற்றிப் பெருநூல் எழுத முனைந்த அதன் தாவரவியலாளர் ஃபிரான்சிஸ் மக்பிரைட், பெரு நாட்டுச் செடிகளின் வகைமாதிரிகள் பலவும் ஐரோப்பாவில் இருப்பதால் 1929-ல் பெர்லினுக்குப் போய் அவற்றைப் படமெடுக்கத் தொடங்கினார். அடுத்த பத்தாண்டில் பல ஐரோப்பிய நகரங்களில் எடுத்த படங்கள் 40,000 அளவுக்குச் சேர்ந்தன. 1943 மார்ச் மாதம் குண்டுவீச்சில் பெர்லின் உலர்தாவரகம் எரிந்தது. கருகிப்போன கிளைகள் பலவற்றுக்கு இன்று மிஞ்சியிருப்பது அந்தப் படங்களே.

பெரிய மரமும் மறைந்திருக்கும்

மனுவின் மரம் 6 மீட்டர் உயரம்தான், கண்ணில் படாமல் போனது இயல்பு என்று தோன்றலாம். பிரேசிலின் எஸ்பிரிட்டு சாந்து மாநிலத்தில் வேல் இயற்கைக் காப்பகத்தில் 40 மீட்டர் உயரமும் ஏறத்தாழ 62 டன் எடையும் கொண்ட மரம் ஒன்று இருந்தது. அதற்குப் பெயர் கிடைத்தது 2017-ல்தான்: டினீசியா ஹுவேரானா-ஃபக்காவ். அதன் மரப்பட்டை போன்ற கடினமான காய் ஏறத்தாழ அரை மீட்டர் நீளம். அமேசானில் 1922-ல் விவரிக்கப்பட்ட டினீசியா எக்செல்சா அதன் ஒரே உடன்பிறப்பு. புதிய சிற்றினத்தில் அதுவரை அறியப்பட்ட மரங்கள் 25 அளவில்தான்.

அப்படியானால் உலகில் மொத்தம் எத்தனை மரச் சிற்றினங்கள், இன்னும் எத்தனை பெயரில்லாமல் இருக்கின்றன? 2022-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று ஏறத்தாழ 73,000 என்றது. அதில் 9,200 அளவுக்கு இன்னும் கண்டறியப்படாதவை. அவற்றில் 40 சதவீதம் தென் அமெரிக்காவில். காணாததை எப்படி எண்ணினார்கள் என்பது நியாயமான கேள்வி. காடுகளில் கணக்கெடுக்கும்போது சில சிற்றினங்கள் ஆயிரம் முறை எதிர்ப்படும்; சில ஒருமுறை அல்லது இருமுறை மட்டுமே. கணக்கெடுப்பு நீள நீள, ஒருமுறை மட்டும் கண்டவை குறைந்துகொண்டே வந்தால் பட்டியல் முடிவை நெருங்குகிறது என்று பொருள். ஒருமுறை கண்டவை இன்னும் ஏராளமாக இருந்தால், ஒருமுறைகூடக் கண்ணில் படாதவையும் ஏராளம் இருந்தாக வேண்டும். அந்த விகிதத்திலிருந்து மீதியைக் கணக்கிடும் புள்ளியியல் முறை ஒன்று உண்டு.

அறிவியல் பெயர் இல்லை என்பதால் மரத்தை யாரும் அறியவில்லை என்று ஆகாது. மனு காட்டில் வாழும் மச்சிகெங்கா பழங்குடியினர் இந்தச் சிறுமரத்தை அறிந்தே பயன்படுத்தி வந்தார்கள். ஆய்விதழில் வெளியாகும் பெயர் வேறொரு வேலையைச் செய்கிறது: மனுவில் கண்டதையும் வேறோர் ஆற்றங்கரையில் இன்னொருவர் காண்பதையும் ஒன்றென்று உறுதிசெய்து, எத்தனை மரம் எங்கெங்கே மிஞ்சியிருக்கிறது என்று கூட்ட உதவுகிறது. பெயரில்லாத மரம் அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் பெரும்பாலும் ஏறுவதில்லை. கேமரூனின் எபோ காட்டில் 2020-ல் மரம் வெட்ட அனுமதி தரப்பட்டு, எதிர்ப்புக்குப் பின் அதே ஆண்டு விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்தக் காட்டில் அடிமரத்திலேயே மஞ்சள்பச்சைப் பூ பூக்கும் நாலு மீட்டர் சிறுமரம் ஒன்றை லண்டன் கியூ தாவரவியல் பூங்காவினர் 2022 ஜனவரியில் விவரித்தார்கள். யுவேரியாப்சிஸ் டிகாப்ரியோ என்ற அது சீத்தாக் குடும்பம். அறியப்பட்ட மரங்கள் ஐம்பதுக்கும் குறைவு. பெயரிட்ட அதே கட்டுரையிலேயே மிக அழிநிலையில் உள்ள இனம் என்ற மதிப்பீட்டையும் சேர்க்க முடிந்தது.

ஃபாஸ்டரின் கிளைக்குப் பெயர் வர 48 ஆண்டு ஆனதற்குக் காரணங்களை எண்ணிப் பார்த்தால், அவற்றில் பாதி இன்று நீங்கிவிட்டது. இப்போது காட்டில் கிளை வெட்டுபவர்கள் அதோடு விரலளவு இலைத்துண்டு சிலவற்றைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தில் போட்டு உடனே உலர்த்திவிடுகிறார்கள். அதில் டிஎன்ஏ கெடாமல் இருக்கும். உயிருள்ள பூவின் நிறத்தையும் பட்டையின் வெட்டையும் படமெடுத்துக்கொள்கிறார்கள். மீதிப் பாதி ஆட்களைப் பொறுத்தது. 2 மில்லிமீட்டர் பூவைப் பார்த்து இன்ன குடும்பம் என்று சொல்லவோ, டிஎன்ஏ தந்த விடையை மறுபடி சோதிக்கவோ, அந்தக் குடும்பத்தோடு பல்லாண்டு பழகிய ஒருவர் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் ஓய்வு பெறும்போது அவர்கள் இடத்தில் அடுத்தவர் பயிற்சி பெற்று நிற்கிறாரா என்பதைப் பொறுத்துத்தான் அலமாரிகளில் காத்திருக்கும் மற்றக் கிளைகளுக்கு எப்போது பெயர் கிடைக்கும் என்பது முடிவாகும்.